ஆக்ரனில் சந்தித்த இரண்டு குடிநோயாளிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டயர் தொழிலுக்குப் பேர்போன ஆக்ரன் நகரில், குடியால் வாழ்க்கையைத் தொலைத்த இருவர் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் நியூயார்க் பங்குச்சந்தையில் பிழைத்த பில் வில்சன். இன்னொருவர் உள்ளூர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமும், அதன் வழிமுறையான பன்னிரண்டு படிகளும் அந்தச் சந்திப்பிலிருந்து வந்தவை. இந்தக் கதையை ஒரு தலபுராணம் மாதிரி சொல்லிவிடுவதுதான் வழக்கம். ஆனால் நோயாளிக் கோப்பாக எடுத்துப் படித்தால் வேறு ஒன்று தெரியும். இந்த இருவருக்கும் எது பலித்தது என்பதோடு, எதெல்லாம் பலிக்கவில்லை என்பதும் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. குடிநோயைப் புரிந்துகொள்ள அந்த இரண்டாவது பட்டியல்தான் அதிகம் உதவுகிறது.

பின்னணி

பில் 1895 நவம்பரில் வெர்மாண்ட் மாநிலத்தின் ஈஸ்ட் டார்செட் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறந்த இடமே, குடும்பம் நடத்திய விடுதியில் மதுக்கூடத்துக்குப் பின்னாலிருந்த அறை. அப்பா குடிப்பவர். அப்பாவழித் தாத்தாவும் பெரும் குடிகாரராக இருந்து, ஒருநாள் ஊர் மலைமீது ஏறி ஆண்டவனிடம் முறையிட்டுவிட்டு இறங்கி வந்தவர் சாகும்வரை தொடவில்லை என்று குடும்பத்தில் சொல்வார்கள். பில்லுக்குப் பத்து வயதாகும்போது பெற்றோர் பிரிந்தார்கள். அம்மாவைப் பெற்றவர்கள்தான் அவரை வளர்த்தார்கள். பதின்வயதில் அவர் விரும்பிய பெண் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோக, மாதக்கணக்கில் படிப்பில் மனம் செல்லாமல் முடங்கிக் கிடந்தார்.

இதைப் படித்ததும் 'அதனால்தான் குடித்தார்' என்று கோடு போடத் தோன்றும். பாதிதான் சரி. இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள், குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபுவழி வருவதாகச் சொல்கின்றன. ஆனால் இதே மாதிரி வீட்டில், இதே மாதிரி துக்கத்தில் வளர்ந்து குடிக்காமல் போனவர்கள் ஏராளம். சோகம் குடிக்கக் காரணம் ஆகலாம். குடித்தபின் ஏன் நிறுத்த முடியவில்லை என்பதற்கு அது பதில் ஆகாது.

வீட்டு நிலவரம் தெரிந்தவர் என்பதால் பில் இருபது வயது தாண்டும்வரை மதுவைத் தொடவில்லை. முதல் உலகப்போர் நேரத்தில் ராணுவ அதிகாரியாக நியூ பெட்ஃபோர்டில் இருந்தபோது, 1917இல், ஒரு விருந்தில் காக்டெயில் கொடுத்தார்கள். கூட்டத்தைக் கண்டால் கூனிக்குறுகும் ஆள் அவர். மது உள்ளே போனதும் அந்தக் கூச்சம் கரைந்தது, எல்லாரும் தன்னவர்களாகத் தெரிந்தார்கள். மற்ற அதிகாரிகளுக்கு அது ஒரு மாலைப்பொழுது. இவருக்கு அது அருமருந்து. இந்த வேறுபாடு முதல் நாளே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோய் முற்றிய விதம்

போருக்குப் பின் இரவுக் கல்லூரியில் சட்டம் படித்தார். படிப்பு முடிந்தும் பட்டச் சான்றிதழை வாங்கப் போகவில்லை, போதை விடவில்லை. 1925இல் மனைவி லோயிஸுடன் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கம்பெனிகளின் உண்மை நிலையை விசாரித்து, பங்குத் தரகர்களுக்கு அறிக்கை எழுதினார். அந்தக் காலத்துக்கு அது புதுசு, பணம் கொட்டியது. 1929 பங்குச்சந்தைச் சரிவோடு எல்லாம் போயிற்று. புரூக்ளினில் மாமனார் வீட்டுக்குக் குடிபோனார்கள். லோயிஸ் கடை வேலைக்குப் போய் வீட்டை ஓட்டினார். பில் ஒருநாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று பாட்டில் ஜின் குடித்தார்.

இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. இனித் தொடமாட்டேன் என்று குடும்ப பைபிளில் எழுதியே கொடுத்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. எழுதும்போது பொய்யாக எழுதவில்லை.

நம்மூரில் இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. கார்த்திகையில் மாலை போட்டால் மண்டல காலம் முழுக்கச் சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பார்கள், மாலையைக் கழற்றிய இரவே பழையபடி ஆரம்பித்துவிடுவார்கள். 'பார், நினைத்தால் நிறுத்த முடிகிறது, திமிர்தான்' என்று வீட்டில் சொல்வார்கள். நான் அதை நேர் எதிராகப் படிக்கிறேன். அத்தனை நாள் நிறுத்தியவருக்கு மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? நிறுத்துவது வேறு வேலை, நிறுத்தியபடி இருப்பது வேறு வேலை. பில்லின் கோப்பு முழுக்க இந்த இரண்டாவது வேலையில்தான் தோல்வி.

டவுன்ஸ் மருத்துவமனை

1933க்கும் 1934க்கும் இடையில் நான்கு முறை நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பணக்காரக் குடிநோயாளிகளுக்கான இடம் அது, செலவை மைத்துனர் ஏற்றார். ஊமத்தைக்கு உறவான பெல்லடோனாவைக் கொடுத்து உடலைச் 'சுத்தம்' செய்வதுதான் அங்கே சிகிச்சை. இன்று யாரும் அதைப் பரிந்துரைக்க மாட்டார்கள்.

முக்கியமானது மருந்தில்லை, அங்கிருந்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் சொன்ன விளக்கம். குடி ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்றார். அதில் இரண்டு பாகம்: முதல் வாய் உள்ளே போனதும் இன்னும் இன்னும் என்று கேட்கும் உடல், அந்த முதல் வாயைத் தேடிப் போகச் செய்யும் மனம். உடலின் பாகத்தை அவர் 'ஒவ்வாமை' என்றார். மருத்துவக் கணக்கில் அந்தப் பெயர் தப்பு. இன்றைய விளக்கம் மூளையின் ஈடுகட்டலைப் பற்றியது. மது மூளையின் அமைதிப்படுத்தும் சமிக்ஞைகளைக் கூட்டி, கிளர்த்தும் சமிக்ஞைகளை அமுக்குகிறது. தினமும் குடித்தால் மூளை அதற்கு எதிராகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திடீரென்று மது நின்றதும் கிளர்ச்சி மட்டும் மிஞ்சி, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு என்று வரும். இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் தெரியாமல் பிதற்றும் நிலையும் வரலாம், அது உயிரையே எடுக்கும். ஆகவே வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைப்பது ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சரி, நோய் என்று புரிந்துவிட்டது. பில் நிம்மதியாக உணர்ந்தார், இனித் தப்பிவிட்டோம் என்று நம்பினார். சில மாதம் கழித்து, 1934 நவம்பர் 11, போர்நிறுத்த நாள். கால்ஃப் ஆடப் போகும் வழியில் பக்கத்துப் பயணியிடம் தன் நோயைப் பற்றி விளக்கமாகப் பேசிக்கொண்டு போனார். ஒரு மதுக்கூடத்தில் இறங்கினார்கள். விடுமுறை நாள் என்று கடைக்காரர் இலவசமாக ஊற்றிக் கொடுத்தார். நோயைப் பற்றி அத்தனை நேரம் பேசிய ஆள் அதை வாங்கிக் குடித்தார்.

பலிக்காதவை பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது இது. நோய் என்று தெரிந்துகொள்வது அவமானத்தைக் குறைக்கும். தானாகக் குடியை நிறுத்தாது.

வெள்ளை ஒளி

அதே நவம்பரில் பழைய குடித்தோழர் எபி தாச்சர் வீட்டுக்கு வந்தார். பில் சமையலறை மேசையில் ஜின்னையும் அன்னாசிச் சாற்றையும் எடுத்து வைத்தார், எபி வேண்டாம் என்றார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்து குடியை விட்டிருந்தார். தன் குறைகளை ஒளிக்காமல் பார்ப்பது, அதை இன்னொருவரிடம் சொல்வது, தீங்கு செய்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது, கடவுளை வேண்டுவது, இதெல்லாம் அவர்களுடைய முறை.

டிசம்பர் 11 அன்று பில் நான்காம் முறையாக டவுன்ஸில் சேர்ந்தார். அதுதான் அவர் கடைசியாகக் குடித்த நாள். சில நாளில், மனச்சோர்வின் அடிமட்டத்தில் கடவுளைக் கூப்பிட்டபோது அறை முழுக்க வெள்ளை ஒளி நிறைந்ததாக உணர்ந்தார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து கேட்டவரிடம், எதுவாயினும் அதைப் பிடித்துக்கொள்ளும்படி சில்க்வொர்த் சொன்னார்.

பெல்லடோனா மாயத்தோற்றம் தரும். மது நிறுத்தமும் தரும். ஆகவே அது மருந்தின் வேலைதான் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் எபி வழியாக வந்த செய்தி எபியையே முழுக்கக் காப்பாற்றவில்லை என்பதையும் கோப்பில் சேர்க்க வேண்டும். 1937இல் எபி மறுபடி குடிக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் விழுவதும் எழுவதுமாக இருந்தார்.

மேஃப்ளவர் ஓட்டல்

அடுத்த ஐந்தாறு மாதம் பில் நியூயார்க்கில் குடிகாரர்களைத் தேடித் தேடி உபதேசம் செய்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஒளியைப் பற்றி முதலில் பேசாதே, நோயைப் பற்றி முதலில் பேசு என்று சில்க்வொர்த் அறிவுரை சொன்னார்.

1935 வசந்தத்தில் ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியைக் கைப்பற்றும் போட்டிக்காக ஆக்ரன் போனார், தோற்றார். கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். பையில் பத்து டாலர் அளவுக்குத்தான் இருந்தது. அன்னையர் தினத்துக்கு முந்தைய சனிக்கிழமை மேஃப்ளவர் ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் அங்குமிங்கும் நடந்தார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். மறுபக்கம் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல் மாட்டிய பலகை, அருகில் தொலைபேசி. உள்ளே போய் ஒரு இஞ்சி சோடா மட்டும் குடித்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நியூயார்க்கில் அவர் பேசியவர்களில் யாரும் நிறுத்தவில்லை, ஆனால் பேசிய காலமெல்லாம் தான் குடிக்கவில்லை. இப்போது பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும், அவருக்காக இல்லை, தனக்காக. பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவருக்குக் குடியால் வீணாகிக்கொண்டிருந்த ஒரு மருத்துவரைத் தெரியும்.

டாக்டர் பாப்

பாப் ஸ்மித்தின் கோப்பு இன்னும் பாடம் சொல்வது. 1879இல் பிறந்தவர், கல்லூரி நாளிலேயே மொடாக்குடி. மருத்துவக் கல்லூரித் தேர்வில் கை நடுக்கத்தால் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தவர். பிறகு நல்ல அறுவை மருத்துவராகி, பகலில் தூக்க மருந்தால் கையை நிலைப்படுத்திக்கொண்டு வேலை பார்த்தார், மாலையில் குடித்தார். பாட்டில்களை நிலக்கரித் தொட்டியில்கூட ஒளித்து வைத்தார். மருத்துவ அறிவு இருந்தது. அன்பான மனைவி ஆன் இருந்தார். அதோடு, பில்லை மாற்றிய அதே ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பில் அவரும் இரண்டரை ஆண்டாகப் போய் வந்தார். வேண்டினார், படித்தார், இரவில் குடித்தார்.

தொலைபேசி வந்த சனிக்கிழமை, ஆனுக்கு அன்னையர் தினப் பரிசாக ஒரு பூந்தொட்டியை வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டு, பாப் போதையில் விழுந்து கிடந்தார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு பில்லைப் பார்க்க ஹென்ரியட்டா வீட்டுக்குத் தலைவலியோடு வந்தார், பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று நிபந்தனை போட்டார். இரவு பதினொன்று தாண்டித்தான் எழுந்தார்.

என்ன நடந்தது? பில் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தன் குடியின் கதையைச் சொன்னார், சில்க்வொர்த் சொன்ன நோய் விளக்கத்தைச் சொன்னார், தனக்கு இந்தப் பேச்சு தேவைப்படுகிறது என்றார். குடியைப் பற்றிப் பட்டறிவோடு பேசிய முதல் மனிதர் இவர்தான் என்று பாப் பின்னர் எழுதினார். எல்லாரும் அவரைத் திருத்த வந்தார்கள். இவர் ஒருவர்தான் உதவி கேட்டு வந்தவர்.

அதோடு கதை முடியவில்லை. ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவ மாநாட்டுக்குப் போன பாப், ரயிலிலேயே குடிக்க ஆரம்பித்து, நாள் கணக்குத் தெரியாமல் திரும்பி வந்தார். பில்லும் ஆனும் படுக்கையில் வைத்துத் தேற்றினார்கள். திங்கட்கிழமை அவர் ஓர் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். கை நடுங்கியது. மருத்துவமனை வாசலில் பில் அவருக்கு ஒரு பாட்டில் பீர் கொடுத்தார், நடுக்கம் அடங்குவதற்கு. இதைச் சிகிச்சை முறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறுவை முடிந்தும் பாப் வீடு திரும்பவில்லை. மணிக்கணக்கில் காணாமல், மறுபடி குடிக்கப் போய்விட்டார் என்று பயந்தார்கள். இரவில் வந்தார், தெளிவாக. ஊரில் யாரிடமெல்லாம் முகம் கொடுக்கப் பயந்தாரோ அவர்களையெல்லாம் தேடிப் போய், தன் குடியை ஒப்புக்கொண்டு, செய்த தவறைச் சரிசெய்வதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்த பீர்தான் அவர் குடித்த கடைசி மது. 1935 ஜூன் 10 என்று அந்த நாளையே இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. நோய் என்று சொன்னால் குடிகாரனுக்குச் சாக்கு கிடைத்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கு இந்த ஒருநாள் போதும். நோய் என்று ஏற்றுக்கொண்டவர்தான் வீடு வீடாகப் போனார்.

அதே மாதம் இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனையில் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்த ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனார்கள். அவர் மூன்றாமவர் ஆனார். பாப் 1950இல் இறக்கும்வரை, இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரியோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளைப் பார்த்தார்.

படிகள் எப்படி வேலை செய்கின்றன

1938 டிசம்பரில் பில் ஒரே அமர்வில் பன்னிரண்டு படிகளையும் எழுதினார். 1939இல் புத்தகமாக வந்தது. சாரம் இதுதான்: மதுவின் முன் எனக்குச் சக்தி இல்லை என்று ஒப்புக்கொள்வது, தன்னைவிடப் பெரிய ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைப்பது, தன் வாழ்க்கையைக் கணக்கெடுத்து அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கு செய்தவர்களைப் பட்டியலிட்டு, அவர்களுக்கு மேலும் கேடு வராதவகையில் சரிசெய்வது, இந்தக் கணக்கை தினமும் தொடர்வது, கடைசியாக, இன்னொரு குடிநோயாளியிடம் செய்தியைக் கொண்டுபோவது.

குடி பற்றிய பேச்சு முதல் படியிலும் கடைசிப் படியிலும்தான். நடுவில் இருப்பதெல்லாம் வாழ்வது எப்படி என்பது. பன்னிரண்டாம் படி கடைசியில் இருந்தாலும் சரித்திரத்தில் அதுதான் முதலில் வந்தது: மேஃப்ளவர் ஓட்டலின் தொலைபேசி அழைப்பு. கூட்டத்துக்குப் போனால் புதியவருக்குத் தரும் இடம், ஸ்பான்சர் என்ற மூத்தவரைப் பிடித்துக்கொள்வது, குடிக்கத் தோன்றும்போது போன் அடிப்பது, எல்லாம் அந்த அழைப்பின் நீட்சிதான்.

ஆறாத பக்கங்கள்

பில் 1971 ஜனவரியில் இறந்தார், முப்பத்தாறு ஆண்டு குடிக்காமல். ஆனால் 1940களிலும் 50களிலும் கடுமையான மனச்சோர்வு அவரைப் பிடித்தது. மனநல மருத்துவரிடம் போனார், படிகளை எழுதியவரே போவதா என்று இயக்கத்தில் முணுமுணுத்தார்கள். 1956இல் மருத்துவர்களோடு சேர்ந்து, மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டி மருந்தைச் சோதித்துப் பார்த்தார். சிகரெட்டை விட முடியாமல் நுரையீரல் கெட்டுத்தான் இறந்தார். கடைசி வாரங்களில் படுக்கையில் கிடந்து விஸ்கி கேட்டதாகச் செவிலியர் குறிப்புகளில் இருக்கிறது. கொடுக்கவில்லை. இதைச் சிலர் இயக்கத்துக்கு இழுக்காகப் பார்க்கிறார்கள். குடிநோய் குணமாகும் என்று இயக்கத்தார் ஒருபோதும் சொன்னதில்லை, அடங்கியிருக்கும் என்றுதான் சொன்னார்கள். முப்பத்தாறு வருடம் கழித்தும் அது கேட்டது என்பது அவர்கள் சொன்னதற்குச் சான்றுதான்.

லோயிஸின் பக்கமும் உண்டு. கணவர் திருந்தினால் எல்லாம் சரியாகும் என்று பதினேழு வருடம் காத்தவர், அவர் திருந்தி, கூட்டத்துக்கு வா என்று அவசரப்படுத்தியபோது செருப்பைக் கழற்றி வீசினார். தான் செய்ய முடியாததை யாரோ அந்நியர்கள் செய்துவிட்டார்களே என்ற ஆத்திரம். குடும்பமும் இந்த நோயில் உருமாறிவிடுகிறது என்று அவர் கண்டதிலிருந்துதான் 1951இல் குடும்பத்தாருக்கான அல்-அனான் உருவானது. சென்னையில் குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து 1980இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் அறக்கட்டளை தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்துக்கும் சிகிச்சை என்பதைக் கட்டாயமாக வைத்தார். தமிழ்நாட்டில் 'குடிநோயாளி' என்ற பேச்சு வீடுகளுக்குள் வந்ததில் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு.

சான்றும் கடவுளும்

இரண்டு பேரின் கதையை வைத்து ஒரு சிகிச்சையை மதிப்பிட முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளில் இருந்த 10,565 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பன்னிரண்டு படி முறைக்கு முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு கழித்து முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள், மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். கூட்டங்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது போதவில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன், டைசல்ஃபிரம் போன்ற மருந்துகளையும் மனச்சோர்வுக்கான சிகிச்சையையும் மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. படிகள் அதற்குத் தடையும் இல்லை.

பகுத்தறிவு பேசும் நம் ஊரில் பலரைத் திருப்பி அனுப்புவது கடவுள்தான். அந்தச் சண்டை முதல் வருடங்களிலேயே நடந்தது. 1938இல் நியூயார்க் குழுவுக்கு வந்த ஜிம் பர்வெல் கடவுள் பேச்சைக் கேட்டாலே எழுந்து வாதாடுவார், மற்றவர்களுக்கு அவரைப் பொறுக்கவே முடியவில்லை. நடுவில் அவர் ஒருமுறை சறுக்கி, திரும்பி வந்தார். படிகளில் கடவுள் என்று வருமிடத்தில் 'நாங்கள் புரிந்துகொண்டபடி' என்ற சொற்கள் சேர்ந்ததில் அவரைப் போன்றவர்களின் அடம்பிடிப்புக்கு முக்கியப் பங்கு உண்டு. சேருவதற்குக் குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி என்ற விதியிலும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. 1940இல் பிலடெல்பியாவுக்கு வேலைக்குப் போனவர் அங்கே ஒரு குழுவைத் தொடங்கினார். 1974இல் இறக்கும்வரை குடிக்கவில்லை.